பட்டா இருந்தால்தான் பட்டமா?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதுதான் பெரிய கஷ்டம் என்று நினைப்பவர்கள், பொதுத்துறை வங்கி ஒன்றின் கல்விக் கடன் மேஜைக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. விழுப்புரம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி என்று சுற்றுவட்டாரக் கிளைகளில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை வெளிநாட்டுப் படிப்புக்கான விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கோப்பிலும் பிள்ளை சொந்தத் திறமையில் வாங்கிவந்த சேர்க்கைக் கடிதம் இரண்டு பக்கம்தான் இருக்கும். அதற்குக் கீழே நாங்கள் கேட்டு வாங்கி அடுக்கும் காகிதங்கள்தான் கோப்பின் கனம்: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட வரைபடம், சொத்துவரி ரசீது, வழக்கறிஞரின் கருத்துரை, மதிப்பீட்டாளரின் அறிக்கை. இவற்றில் ஒன்றுகூடப் பிள்ளையைப் பற்றியது இல்லை. எல்லாம் அந்தப் பிள்ளையின் அப்பாவும் தாத்தாவும் என்ன வைத்திருந்தார்கள் என்பதைப் பற்றியவை.

விதி இதுதான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டாம். 4 லட்சத்துக்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் போதும். மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 2015இல் வந்த பிறகு, இந்த ஏழரை லட்சம் வரை பிணையும் ஜாமீனும் கேட்காமலே கொடுக்க வழி பிறந்தது. அதைத் தாண்டினால் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாடு என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதத்தைக் குடும்பமே கையிலிருந்து போட வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் உள்ளது.

வெளிநாட்டுப் படிப்பில் ஏழரை லட்சத்துக்குள் முடிவது எது? இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே இருபது லட்சத்தை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கிறது. அமெரிக்கா அதற்கும் மேல். ஆக, கடல் தாண்டிப் படிக்க நினைக்கும் பிள்ளையின் கடன் ஏறக்குறைய எப்போதும் சொத்துப் பிணை கேட்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழுகிறது. சில வங்கிகள் உலகத் தரவரிசையில் முன்னணியில் உள்ள சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பிணை இல்லாமல் பெரிய தொகை தருகின்றன. அங்கேயும் பெற்றோரின் சம்பளச் சீட்டையும் வருமானவரிக் கணக்கையும் பார்க்காமல் கையெழுத்து விழாது.

சரி, சொத்து என்றால் எந்தச் சொத்து? கிராமத்தில் இரண்டு ஏக்கர் புஞ்சை இருந்தால் போதும் என்று நம்பி வருபவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையை முதல் பத்து நிமிடத்திலேயே உடைக்க வேண்டியிருக்கும். வாராக்கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. விவசாயியைக் காப்பாற்ற வைத்த நல்ல விலக்கு அது. ஆனால் கைப்பற்ற முடியாத நிலத்தைக் கல்விக் கடனுக்குப் பிணையாக வாங்க வங்கி தயங்கும். அதனால் நாங்கள் கேட்பது ஊருக்குள் இருக்கும் வீடு, இல்லையென்றால் நகரமைப்புத் துறை அங்கீகரித்த மனைப்பிரிவில் ஒரு மனை. புஞ்சைக்காரர் வெளியே. குத்தகைக்காரர் வெளியே. கூலிக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு கோப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கரும்பு வெட்டும் தொழிலாளி. சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் வேலை, மற்ற மாதங்களில் கிடைத்ததைச் செய்வார். மகள் அரசுப் பள்ளியில் படித்து, அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தவர். தண்ணீர் சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்தில் முதுநிலை படிக்க இங்கிலாந்தில் இடம் வாங்கியிருந்தார். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்திருந்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் துல்லியமாக இருந்தன. வட்டி எப்போதிலிருந்து ஏறும், படிப்பு முடிந்து எத்தனை மாதம் கழித்துத் தவணை தொடங்கும், பவுண்டு விலை ஏறினால் கடன் தொகை கூடுமா என்று வரிசையாகக் கேட்டார். இத்தனை தெளிவாகக் கேட்டவர்கள் என் அனுபவத்தில் குறைவு.

அப்பா ஒரு பாலிதீன் உறையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். ஒன்று, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டா. அதன் மேல் தொகுப்பு வீடு. இன்னொன்று, அவருடைய பாட்டன் காலத்திலிருந்து வரும் அரை ஏக்கர் பஞ்சமி நிலம்.

வழக்கறிஞருக்கு அனுப்பவே தேவையில்லாத காகிதங்கள் அவை. ஒப்படைப்புப் பட்டாவில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறருக்கு மாற்றக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். பஞ்சமி நிலத்தின் கதை இன்னும் பழையது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892இல் பிரிட்டிஷ் அரசு பிறப்பித்த ஆணைப்படி சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது அந்த நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. வேறு சமூகத்தாருக்கு விற்றால் செல்லாது. அந்தத் தடை இருந்தும் எவ்வளவு நிலம் கைமாறிப் போயிற்று என்பது ஊரறிந்த விஷயம். தடை வேண்டும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தத் தடையாலேயே அந்த நிலத்துக்கு வங்கியின் கணக்கில் மதிப்பு பூஜ்யம்.

நான் சொல்லச் சொல்ல அப்பா பட்டாவை என் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருந்தார்.

“சார், கவர்மெண்டு குடுத்த பட்டா சார் இது. தாசில்தாரு கையெழுத்து இருக்குது. இதுக்கு மேல ஒசந்த காயிதம் என்னா சார் இருக்குது?”

“அண்ணே, பட்டா சரியான பட்டாதான். அடமானம் வாங்கத்தான் எங்களுக்கு அனுமதி இல்ல. சொந்தக்காரங்க யார் பேர்லயாவது டவுன்ல வீடு, மனை எதுனா இருக்குதாம்மா?” என்று பெண்ணைக் கேட்டேன்.

“எங்க சொந்தத்துல எல்லாருக்கும் காலனி வீடுதான் சார்.”

நான் அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி தர முடிந்தது ஏழரை லட்சம். அவருக்குத் தேவைப்பட்டது அதைப்போல மூன்று மடங்கு. பாதிக் கடனை வைத்துக்கொண்டு பாதிப் படிப்புப் படிக்க முடியாது. மண்டல அலுவலகத்துக்கு விதிவிலக்கு கேட்டு எழுதினேன். விதி விதிதான் என்று பதில் வந்தது. பல்கலைக்கழகம் சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைத்தது. அடுத்த வருடமும் நிலைமை மாறவில்லை. இப்போது அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்.

அதே கோடையில் அரிசி ஆலைக்காரர் ஒருவரின் மகனுக்கு ஆஸ்திரேலியப் படிப்புக்கான கடன் பத்தே நாளில் அனுமதியானது. புறவழிச்சாலை ஓரம் அங்கீகாரம் பெற்ற மனை, கடைத்தெருவில் சொந்தக் கட்டடம், நாலு வருட வருமானவரிக் கணக்கு. அந்தப் பையன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, நல்ல பையன். ஆனால் அவனுடைய மதிப்பெண் பட்டியலை அனுமதிக் குழுவில் யாரும் இரண்டாவது தடவை புரட்டவில்லை. புரட்டத் தேவையில்லை. மனையின் மதிப்பு கடனைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். நாடு முழுவதும் பார்த்தால் நூற்றுக்கு 16 பேருக்கும் மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருந்ததோ ஏறத்தாழ 9 சதவீதம். அதுவும் பெரும்பாலும் துண்டு துக்காணி நிலம். இப்படி ஒரு நாட்டில் சொத்துப் பிணை என்ற விதியை வைத்தால், அதில் சாதி என்ற சொல் எங்கும் வராமலே சாதி தன் வேலையைச் செய்துவிடும். நான் சொல்லவந்த விஷயம் இது ஒன்றுதான்.

பொதுத்துறை வங்கி கைவிட்டால் தனியார் நிதி நிறுவனம் இருக்கிறதே என்பார்கள். அவர்கள் பெரும்பாலும் பிணை கேட்பதில்லை என்பது உண்மை. பதிலாக, மாதச் சம்பளமோ வருமானவரிக் கணக்கோ உள்ள இணை விண்ணப்பதாரர் கேட்பார்கள். வட்டியும் பொதுத்துறை வங்கியைவிட அதிகம். படிக்கும் காலத்திலேயே வட்டியையோ அதில் ஒரு பகுதியையோ மாதாமாதம் கட்டச் சொல்வதும் வழக்கம். கரும்பு வெட்டுகிறவரிடம் வருமானவரிக் கணக்கு ஏது? கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. கூலிக் குடும்பத்தில் அம்மா பெயரில் குழுக் கடன் இருக்கும், நுண்நிதிக் கடன் இருக்கும். கொரோனா காலத்தில் விட்டுப்போன நாலு தவணை அந்த மதிப்பெண்ணில் கறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மகளின் லண்டன் படிப்பைத் தீர்மானிப்பது அம்மா கட்டத் தவறிய வாரத் தவணை. இதை நான் பலமுறை கணினித் திரையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடன் கிடைக்காவிட்டால் விசா கிடைப்பதும் கடினம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனுக்கு மாணவர் விசா கேட்டால், கட்டணம் போக, லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கான பணம் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 16 லட்சம். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் இந்த 28 நாள் கணக்கு தேவையில்லை. அரசின் உதவித்தொகைக் கடிதம் இருந்தாலும் அப்படியே. அதாவது, சொத்து உள்ளவருக்குக் கடன்; கடன் உள்ளவருக்கு விசாவும் சுலபம். சொத்து இல்லாதவரிடம்தான் 16 லட்சத்தை ரொக்கமாகக் காட்டு என்கிறார்கள்.

ஜெர்மனிக்குப் போனால் காசே இல்லாமல் படிக்கலாம் என்று யூடியூபில் நாள்தோறும் யாராவது சொல்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்பது சரிதான். ஆனால் முடக்கக் கணக்கு என்று ஒன்றில் ஆண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுவைத்தால்தான் விசா. ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். மாதம் 992 யூரோவாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சான்றிதழ் சரிபார்ப்புக்கு மட்டும் 18,000 ரூபாய் தனி. கனடா தன் வாழ்க்கைச் செலவுக் கணக்கை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஒரே தாவலில் உயர்த்தியது. ஆஸ்திரேலியாவின் மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகி, அடுத்த ஜூலையில் 2,000 டாலரைத் தொட்டது. விசா கிடைக்காவிட்டால் திரும்பி வராத பணம் அது. இந்த நாடுகளுக்கு அவரவர் காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு உயர்வும் முதலில் வடிகட்டுவது மதிப்பெண் குறைந்தவரை அல்ல, பணம் குறைந்தவரை.

கடன் கைக்கு வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய சில்லறைச் செலவு வேறு. பாஸ்போர்ட் 1,500 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பதினேழு, பதினெட்டாயிரம். பிரிட்டிஷ் விசாவுக்கு 2025இல் 524 பவுண்டு. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு முதுநிலைக்கு ஒன்றரை ஆண்டுக் கணக்காக 1,164 பவுண்டு. அதற்கும் முன்னால் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம். இதெல்லாம் ஒரு கூலிக் குடும்பத்துக்குச் சில்லறை அல்ல. கம்மலை அடகு வைத்து ஐஇஎல்டிஎஸ் எழுதிய பெண்களை எனக்குத் தெரியும். அந்த அடகுச் சீட்டைப் போட்டுக் கொடுத்ததும் எங்கள் கிளைதான்.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். “பேங்க் பேலன்ஸ் நாங்க காட்டித் தர்றோம்” என்று இன்று சின்ன ஊர்களில்கூடச் சொல்கிறார்கள். வட்டிக்கு லட்சக்கணக்கில் பணம் வாங்கி, பிள்ளையின் கணக்கில் ஒரு மாதம் நிறுத்தி, விசா வந்ததும் எடுத்துக்கொள்வது. மாட்டினால் ஏமாற்று என்று பத்தாண்டு வரை பிரிட்டனுக்குள் நுழையத் தடை விழும். மாட்டாவிட்டாலும், அந்த ஊரில் இறங்கும் பிள்ளையின் கையில் உண்மையில் காசு இருக்காது. முதல் மாத வாடகைக்கே வேலை தேட வேண்டும். பெற்றோருக்கு என் வேண்டுகோள்: இந்த வழிக்குப் போகாதீர்கள். உங்கள் பிள்ளையைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வருகிறது. அதனால் அவர் காட்டும் கல்லூரி பிள்ளைக்கு ஏற்றதாகவே இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55லிருந்தே இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணம், தங்கும் செலவு, விமானப் பயணம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் மொத்த இடம் நாடு முழுவதற்கும் 125. அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தாருக்கு 6. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தாருக்கு 4. இந்த நாட்டில் எத்தனை கோடி நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள்? அவர்கள் பிள்ளைகளுக்கு, கைவினைஞர் பிள்ளைகளோடு சேர்த்து, நாலு இடம். 13 லட்சத்துக்கும் அதிகமான இந்திய மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதாக 2024இல் வெளியுறவு அமைச்சகம் சொன்னது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இந்த 125ஐ வைத்துப் பாருங்கள்.

அந்த 125க்கும் நெருக்கடி. இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தத் தொகை கிடையாது என்று 2022இல் விதியை மாற்றினார்கள். தன் சமூகத்தின் வரலாற்றைத் தானே ஆராய நினைக்கும் தலித் மாணவருக்கு அன்றோடு கதவு மூடியது. 2025-26க்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்து, மீதி 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்துத் தரப்படும் என்றார்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதி வருமா என்று காத்திருப்பது என்ன வேதனை என்பது அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி மானியம் தந்த ‘படோ பர்தேஷ்’ திட்டமும் 2022-23இலிருந்து நிறுத்தப்பட்டது.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இவற்றில் மேலானது என்பேன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இது கடன் இல்லை, உதவி. நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அந்தக் கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகளை நேராக அங்கே அனுப்பியிருப்பேன். அந்தத் திட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்ததும் பொருத்தம்தான்.

ஏனென்றால், அம்பேத்கரே இந்தச் சிக்கலை முழுதாக அனுபவித்தவர். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மன்னர் அவரிடம் நிலம் கேட்கவில்லை. படித்துவிட்டு வந்து பரோடா அரசில் பத்தாண்டு வேலை செய்ய ஒப்பந்தம் வாங்கினார். 1916இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார் அம்பேத்கர். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் வேலைக்குப் போனவருக்குத் தங்க வீடு கொடுக்க யாரும் இல்லை. பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜாவின் உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. இத்தனை பெரிய மேதைக்கே மூன்று ஆண்டுகள் பணத்தால் தடைபட்டன. மன்னரும் மகராஜாவும் நண்பரும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டியது அரசாங்கம்.

உதவித்தொகை எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். வங்கிக்காரனுக்குப் பணத்தின் அளவு தெரியும். கடன் வேண்டும், ஆனால் கடனுக்கு நிலம் எதற்கு? ஆஸ்திரேலியா 1989இல் தன் நாட்டு மாணவர்களுக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தது. படிப்புச் செலவு கடனாக நிற்கும். வேலைக்குப் போய்ச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான்: வரம்புக்கு மேல் சம்பாதிப்பதில் 9 சதவீதம், குறிப்பிட்ட ஆண்டுகளில் தீராவிட்டால் மிச்சம் தள்ளுபடி. அங்கே யாரும் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதில்லை. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் அந்த ஊர்ப் பிள்ளை வருங்காலச் சம்பளத்தை நம்பிப் படிக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை தாத்தாவின் மனையை அடகு வைத்துப் படிக்கிறது.

நம் அரசே இந்த நியாயத்தைப் பாதி ஒத்துக்கொண்டுவிட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், அப்போதைய பட்டியலின்படி நாட்டின் தரமான 860 கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவருக்குப் பிணையும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். ஆனால் அந்த 860இல் ஒன்றுகூட வெளிநாட்டில் இல்லை. தரமான இடத்தில் சேர்ந்ததே போதுமான பிணை என்பது திருச்சியில் உண்மையென்றால் மான்செஸ்டரில் எப்படிப் பொய்யாகும்?

வெளிநாடு போகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள், அவர்களுக்கு ஏன் அரசு ஜாமீன் நிற்க வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். மரியாதையோடு சொல்கிறேன்: அரிசி ஆலைக்காரர் மகன் தங்கிவிடுவானோ என்று யாரும் கேட்டதில்லை. ஏழையின் பிள்ளை பாஸ்போர்ட் எடுத்தால் மட்டும் தேசபக்தியை அளக்கக் கூடாது. பணத்தை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்கிற பயமும் என் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. என் கிளைகளில் வெளிநாட்டுக் கடன் வாங்கிய பிள்ளைகள், அதிலும் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள், தவணைத் தேதிக்கு முன்பே பணம் அனுப்பினார்கள். மனையை அடமானமாக வாங்கிக்கொண்டு கொடுத்த கடன்கள் கெட்டபோது அதை ஏலம் விட்டு மீட்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே இங்கு வந்துவிட்டனவே என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2023 நவம்பரில் விதி வகுத்தது. 2024இல் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் அந்த நகருக்கான தனி விதிப்படி டீக்கினும் உல்லங்காங்கும், 2025இல் குருகிராமில் சவுத்தாம்ப்டனும் வகுப்புகளைத் தொடங்கின. கட்டணத்தையும் சேர்க்கையையும் அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். இடஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. விமானச் செலவு மிச்சம் என்பதைத் தாண்டி கூலிக்காரர் மகளுக்கு இதில் என்ன மாற்றம்?

தமிழ்நாடு அரசால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த, நிலமும் மனையும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, எந்தச் சாதியாக இருந்தாலும், ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு அரசே உத்தரவாதம் நிற்க வேண்டும். ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ போன்ற அமைப்புகளுக்கு வங்கிகளோடு சேர்ந்து வேலை செய்த பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. உத்தரவாதம் என்பது கஜானாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுப்பது அல்ல. கடன் கெட்டால் மட்டுமே செலவு. அந்த உத்தரவாதத்தை வைத்து வங்கி கொடுக்கும் அனுமதிக் கடிதமே பிரிட்டிஷ் விசாவுக்கும் போதும். 28 நாள் ரொக்கம் காட்ட வேண்டிய அவசியம் ஒழியும். தேர்வுக் கட்டணம், விசாக் கட்டணம் போன்ற முன்செலவுகளுக்குச் சில லட்சம் முன்பணமாகத் தர மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் செப்டம்பர் வகுப்புக்கு முன்பணம் கட்டும் கெடு மே, ஜூன், ஜூலையில் முடிந்துவிடும். உதவித்தொகையோ உத்தரவாதமோ ஆகஸ்டில் வந்தால் அது வராததற்குச் சமம். ஏப்ரலுக்குள் ஆணை மாணவர் கைக்கு வர வேண்டும். நிதி அமைச்சரும் மாநில வங்கியாளர் குழுவும் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான். அடுத்த செப்டம்பருக்கான சேர்க்கைக் கடிதங்கள் ஜனவரியிலேயே வரத் தொடங்கிவிடும். அதற்கு முன் இந்த உத்தரவாத ஆணையை வெளியிடுங்கள்.